வேட்பாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி: கடலூர் மாவட்ட அரசியல் கட்சிகளின் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூர் மாவட்டத்தில் இயங்கும் அனைத்து அரசியல் கட்சிகளின் மாவட்ட, ஒன்றிய, நகரச் செயலாளர்களுக்கும், வேட்பாளர் தேர்வுக் குழுவினருக்கும் வணக்கம்.

இம்மாவட்டத்தின் ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களில் எழுத்தராகச் சேர்ந்து, துணை வட்டார வளர்ச்சி அலுவலராக ஓய்வு பெற்றவள் நான். எந்தக் கட்சியிலும் உறுப்பினராக இருந்ததில்லை. பல ஊராட்சித் தலைவர்களையும் ஒன்றியக் குழு உறுப்பினர்களையும், சில சட்டமன்ற உறுப்பினர்களையும் மேசையின் மறுபுறத்திலிருந்து நெடுங்காலம் கவனித்தவள் என்ற ஒரே தகுதியில் இம்மடலை எழுதுகிறேன். 2019 டிசம்பரில் நாம் தேர்ந்தெடுத்த ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, நிர்வாகம் அரசு நியமித்த தனி அலுவலர்களிடம் சென்றது. அப்போதிலிருந்து, அடுத்து யாரை நிறுத்துவது என்ற பேச்சு டீக்கடை முதல் கட்சி அலுவலகம் வரை நடந்துகொண்டே இருக்கிறது. அந்தப் பேச்சில் இரண்டு குரல்கள் திரும்பத் திரும்பக் கேட்கின்றன. "படித்தவர்களை நிறுத்துங்கள், நாடு உருப்படும்" என்பது ஒன்று. "காமராசர் எந்தக் கல்லூரியில் படித்தார்? படிப்பு எதற்கு, அனுபவம் போதும்" என்பது மற்றொன்று. இரண்டுமே ஆளைப் பார்க்காமல் முடிவெடுக்க வழி செய்கின்றன என்பதுதான் என் கவலை.

பட்டத்தைச் சட்டப்படி கட்டாயமாக்க வேண்டும் என்ற கோரிக்கையை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இது வெறும் திண்ணைப் பேச்சாக நின்றுவிடவில்லை. 2014 டிசம்பரில் ராஜஸ்தான் அரசு ஓர் அவசரச் சட்டத்தின் மூலம், ஊராட்சித் தலைவராகப் போட்டியிட எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்று விதித்தது. மறு ஆண்டே ஹரியானா, பொதுப் பிரிவு ஆண்களுக்குப் பத்தாம் வகுப்பும், பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் எட்டாம் வகுப்பும் வேண்டும் என்று தன் ஊராட்சிச் சட்டத்தைத் திருத்தியது. ஊராட்சி உறுப்பினராக நிற்கும் பட்டியல் சாதிப் பெண்களுக்கு மட்டும் ஐந்தாம் வகுப்பு என்று அது தளர்த்தப்பட்டது. உச்ச நீதிமன்றம் 2015 டிசம்பர் 10 அன்று ராஜ்பாலா வழக்கில் அந்தத் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. நல்லது கெட்டதைப் பிரித்தறியும் ஆற்றலைத் தருவது கல்வி மட்டுமே என்று அத்தீர்ப்பில் ஒரு கருத்து இடம்பெற்றுள்ளது. நீதிமன்றத்தின்பால் எனக்குள்ள மரியாதை குறையாமலேயே சொல்கிறேன்: அந்த வரியை நான் ஏற்க முடியாது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள், எது நல்லது எது கெட்டது என்பதைப் பட்டதாரி அலுவலர்களுக்கு எடுத்துச் சொன்ன கூட்டங்களில் நான் குறிப்பெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ராஜஸ்தான் 2019இல் அந்த விதியை நீக்கிவிட்டது. தமிழ்நாட்டிலும் இப்படி ஒரு சட்டம் வர வேண்டும் என்று உங்கள் கட்சிகளில் சிலர் மேடையில் பேசுகிறார்கள். தயவுசெய்து அந்தப் பேச்சை நிறுத்துங்கள். பள்ளிக்கூடத்தை ஊருக்குக் கொண்டுவராதது அரசின் குறை. அதற்கான தண்டனையைப் பள்ளிக்குப் போக முடியாமற்போனவரின் தலையில் ஏற்றுவது எவ்வகையிலும் நியாயமாகாது.

இது புதிய விவாதமும் அல்ல. வெள்ளையர் ஆட்சியில் சொத்து, வரி, கல்வி போன்ற தகுதிகளில் ஏதேனும் ஒன்று உள்ளவர்களுக்கே வாக்குரிமை இருந்தது. கொலம்பியாவிலும் லண்டனிலும் ஆய்வுப் பட்டங்கள் பெற்றவரும், இந்நாட்டின் தலைவர்களிலேயே மிக அதிகம் படித்தவர்களில் ஒருவருமான டாக்டர் அம்பேத்கர், சைமன் குழுவுக்காக 1929இல் எழுதிய அறிக்கையில் அந்தக் கல்வித் தகுதியைக் கடுமையாக மறுத்தார். எழுத்தறிவில்லாதவருக்குப் புத்தியும் இருக்காது என்று எண்ணுவது முதல் தவறு, எழுத்தறிவு வந்துவிட்டால் மேலான அறிவும் தானே வந்துவிடும் என்று எண்ணுவது இரண்டாவது தவறு என்பது அவர் வாதத்தின் சாரம். இருபது ஆண்டுகள் கழித்து, 1949 நவம்பர் 26 அன்று, அரசியல் நிர்ணய சபையின் தலைவர் ராஜேந்திர பிரசாத் வேறு விதமாக வருந்தினார். சட்டத்தை நடைமுறைப்படுத்துபவருக்கு உயர்ந்த தகுதிகளைக் கேட்கும் நாம், அதை இயற்றுபவருக்குத் தேர்தலில் வெல்வதைத் தவிர எந்தத் தகுதியையும் கேட்கவில்லையே என்றார் அவர். அதே உரையில், தேர்ந்தெடுக்கப்படுவோர் திறமையும் நேர்மையும் உள்ளவர்களாக இருந்தால் குறையுள்ள அரசமைப்பையும் கொண்டு நன்றாக ஆள்வார்கள் என்றும் சொன்னார். அரசமைப்பு அம்பேத்கரின் பக்கம் நின்றது. 1951 கணக்கெடுப்பின்படி நாட்டின் எழுத்தறிவு விழுக்காடு 18.33 மட்டுமே. அந்த நாட்டில் வயது வந்த எல்லாரும் வாக்களிக்கலாம், எழுத்தறிவு இல்லாதவரும் வேட்பாளராக நிற்கலாம் என்று ஆனது. ஆனால் ராஜேந்திர பிரசாத்தின் கவலை அத்துடன் தீர்ந்துவிடவில்லை. சட்டம் கேட்காத தகுதியைக் கேட்கும் பொறுப்பு வேறொருவரிடம் போய்ச் சேர்ந்தது. அந்த வேறொருவர் நீங்கள்தான். வாக்காளர் முன் வைக்கப்படும் பெயர்களைத் தேர்ந்தெடுப்பது உங்கள் நேர்காணல் அறைகளில்தான் நடக்கிறது.

இனி இரண்டாவது குரல். காமராசரின் பெயரைச் சொல்லித் தங்கள் சோம்பலை மூடிக்கொள்பவர்களை நான் அலுவலக வாழ்க்கை முழுவதும் பார்த்திருக்கிறேன். அது அந்தப் பெரியவருக்குச் செய்யும் அவமதிப்பு என்று மனமார நம்புகிறேன். அவர் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் என்பது உண்மை. ஆனால் விடுதலைப் போராட்டத்தில் சிறையிலிருந்த ஆண்டுகளில் ஆங்கிலமும் அரசியலும் தாமே முயன்று கற்றவர் என்பதும் உண்மையே. இதைவிட முக்கியமான ஒன்று அவர் முதலமைச்சரான நாளிலேயே தெரிந்துவிட்டது. 1954இல் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சியின் தலைவர் பதவிக்கு அவரை எதிர்த்துப் போட்டியிட்டவர் சி. சுப்பிரமணியம். அந்தப் போட்டியில் சுப்பிரமணியத்தின் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். இருவரும் சட்டம் படித்தவர்கள். வென்ற காமராசர் இருவரையுமே தம் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டு, நிதியையும் கல்வியையும் சுப்பிரமணியத்திடம் ஒப்படைத்தார். மொத்தமே எட்டுப் பேர் கொண்ட அமைச்சரவை அது. தமக்குத் தெரியாததைத் தெரிந்தவர் தம்மை எதிர்த்தவராகவே இருந்தாலும் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் துணிவைத்தான் நான் நடைமுறை அறிவு என்று சொல்வேன். கல்வித் துறையின் இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலுவிடம் கேட்டும் விவாதித்தும் அவர் பள்ளிகளைப் பெருக்கினார். 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது ஊர்மக்களின் நன்கொடையை நம்பித்தான் அது நடந்தது. அரசுப் பணம் பிறகே வந்தது. பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது என்பதை அறிய எந்தப் பட்டமும் வேண்டியதில்லை. ஆனால் அந்த அறிவை மாநிலமெங்கும் உள்ள பள்ளிகளில் தினமும் சோறாக மாற்றுவதற்கு வரவு செலவுக் கணக்கும், கோப்புகளும், கணக்கு பார்க்கத் தெரிந்த அதிகாரிகளும் வேண்டியிருந்தார்கள். இந்தப் பின்பாதியைச் சொல்லாமல் காமராசரைச் சொல்பவர்கள் பாதி காமராசரையே சொல்கிறார்கள்.

அவருக்கு முன்னிருந்த ராஜாஜியின் ஆட்சியையும் இங்கே நினைக்க வேண்டும். வழக்கறிஞர், எழுத்தாளர், இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்தவர். 1952இல் உணவு தானியக் கட்டுப்பாட்டை அவர் நீக்கியபோது பலரும் அஞ்சினார்கள். அரிசி சந்தைக்கு வந்தது, மக்கள் நிம்மதி அடைந்தார்கள். ஊர் நாடித் துடிப்பை அறிந்து எடுத்த முடிவு அது. அதே மனிதர் மறு ஆண்டு, கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் வகுப்பு நேரத்தை நாளுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்து, மீதிப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். குறைந்த செலவில் இருமடங்குப் பிள்ளைகளுக்கு இடம் தரலாம் என்ற அதன் கணக்கு தாளில் சரியாகவே இருந்தது. ஆனால் சலவைத் தொழிலாளியின் மகனுக்கும், மலம் அள்ளக் கட்டாயப்படுத்தப்பட்டவரின் மகளுக்கும் அந்த மீதிப் பொழுது என்ன பொருள் தரும் என்பதை அந்த வீடுகளில் யாரும் போய்க் கேட்கவில்லை. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் பெற்று, தமிழகம் முழுவதும் எதிர்ப்பைச் சந்தித்து, 1954இல் அது கைவிடப்பட்டது. படிப்பு ஒருவரை முதல் முடிவில் காப்பாற்றி இரண்டாவதில் கைவிட்டது என்று சொல்ல முடியாது, ஏனென்றால் படிப்பு இரண்டிலும் ஒன்றுதான். யாருடைய பாடு என்று கேட்டறிந்தாரா, இல்லையா என்பதில்தான் வேறுபாடு இருந்தது.

நம் ஊருக்கு வருகிறேன். கடலூர் முதுநகரில் பிறந்த அஞ்சலை அம்மாள் தொடக்கக் கல்வியைத் தாண்டாதவர். குடும்பத்தின் நிலத்தையும் வீட்டையும் விடுதலைப் போராட்டத்துக்காக விற்றவர், 1927இல் சென்னையில் ஆங்கிலேயப் படைத் தளபதி நீலன் சிலையை அகற்றும் போராட்டத்தில் மகளோடு சிறை சென்றவர், 1937இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். இன்றைக்கு அவர் விருப்ப மனு கொடுத்துவிட்டு உங்கள் நேர்காணல் அறைக்குள் வந்தால் என்ன கேட்பீர்கள்? எவ்வளவு செலவு செய்ய முடியும், உங்கள் சமூகத்துக்குத் தொகுதியில் எத்தனை ஓட்டு, என்ன படித்திருக்கிறீர்கள் என்ற மூன்று கேள்விகளோடு பெரும்பாலான நேர்காணல்கள் முடிந்துவிடுகின்றன என்று உள்ளே சென்று வந்தவர்களே சொல்கிறார்கள். இந்த மூன்றில் எந்தக் கேள்விக்கும் அஞ்சலை அம்மாளிடம் நீங்கள் எதிர்பார்க்கும் பதில் இருந்திருக்காது.

இந்த மாவட்டத்தில் ஆள வருபவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைத் தண்ணீரை வைத்துத்தான் என்னால் சொல்ல முடியும். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, மணிமுத்தாற்றைச் சேர்த்துக்கொண்டு வரும் வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம் என்று எங்கெங்கோ பெய்த மழையெல்லாம் நம் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. 2004 ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 நவம்பர் வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல் என்று ஒன்றன்பின் ஒன்றாக நாம் பட்டதை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. 2015 நவம்பர் 9 அன்று பண்ருட்டி அருகே பெரியகாட்டுப்பாளையத்தில் திடீரென வந்த வெள்ளம் வீடுகளையும் உயிர்களையும் அடித்துச் சென்றது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.5 லட்சம் கன அடிக்கும் கூடுதலாகத் தண்ணீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணையின் இரு கரையும் தாழங்குடா வரைக்கும் மூழ்கியது. முன்கூட்டியே எச்சரித்தோம் என்றது அரசு. முறையாக எச்சரிக்கவில்லை என்றன எதிர்க்கட்சிகள். அந்தச் சர்ச்சையில் நான் இறங்கவில்லை. எனக்கு உறுத்துவது வேறொன்று. இத்தனை ஆயிரம் கன அடி திறக்கப்படுகிறது என்ற செய்தி ஒரு ஊராட்சித் தலைவரின் கைப்பேசிக்கு இரவில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த எண் தன் ஊரில் எந்தத் தெருவரைக்கும், எத்தனை மணிக்கு, எவ்வளவு ஆழத்துக்கு வரும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். அதை அறிய அவருக்குப் பொறியாளரின் கணக்கும் தேவை, 1972இலும் 1985இலும் எங்கே நின்று தண்ணீரைப் பார்த்தோம் என்று சொல்லும் முதியவரின் நினைவும் தேவை. இரண்டில் ஒன்று போதும் என்று இருப்பவர் அந்த இரவில் ஊரைக் காப்பாற்ற மாட்டார்.

இது நடக்கக்கூடியதா என்று கேட்பவர்களுக்கு நல்லவாட்டைச் சொல்வேன். நமக்குப் பக்கத்தில், புதுச்சேரிப் பகுதியில் உள்ள மீனவ ஊர் அது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஓர் அறிவு மையத்தை அமைத்து, கடல் அலையின் உயரம், காற்று, சந்தை விலை முதலிய செய்திகளை ஒலிபெருக்கியில் சொல்லிவந்தது. 2004 டிசம்பர் 26 காலையில், முன்பு அம்மையத்தில் தன்னார்வலராக இருந்து சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊரார் மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் எல்லாரையும் வெளியேறச் சொன்னார்கள். அலை வந்து வீடுகளையும் படகுகளையும் கொண்டுபோனது. 3000 பேருக்கும் மேல் வாழ்ந்த அந்த ஊரில் மக்கள் உயிர் தப்பினார்கள். அறிவியலாளர்கள் அமைத்த கருவி, வெளிநாட்டிலிருந்து வந்த செய்தி, பூட்டியிருந்த அறையைத் திறந்து பேசிய ஊர்க்காரர்களின் சமயோசிதம் ஆகிய மூன்றும் ஒரே காலையில் ஒன்று சேர்ந்ததால் நடந்தது அது. அதைப் படிப்பின் வெற்றி என்றோ பட்டறிவின் வெற்றி என்றோ பிரித்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சேராமற்போனதற்கும் நம் மாவட்டத்தில் சான்று இருக்கிறது. 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பு அருகே மேல்வளையமாதேவியில், நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் சுரங்கப் பணிக்காகப் பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்ட, வளர்ந்து நின்ற நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது, மழைக்காலத்துக்குள் வாய்க்கால் முடியாவிட்டால் சுரங்கத்துக்கும் மின் உற்பத்திக்கும் ஆபத்து என்பது நிறுவனத்தின் வாதம். ஆவணப்படி அந்த வாதத்தில் பொருள் இருக்கலாம். ஆனால் நடவுக்கு முன்பே உழவர்களை அழைத்து உட்கார வைத்துப் பேசி, இந்தப் போகம் போடாதீர்கள் என்று இழப்பீட்டோடு சொல்லியிருக்கலாம், அல்லது அறுவடை வரை பொறுத்திருக்கலாம். கையகப்படுத்திய நிலத்தில் ஏன் நட விட்டார்கள் என்று யாரும் கேட்கவில்லை, வேலியே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் நிலம் உழவரிடமே கிடந்தது. இதில் முடிவெடுத்தவர்கள் எல்லாரும் நன்கு படித்தவர்கள். நெற்கதிரைப் புரட்டிப்போடும் காட்சி தமிழ்நாட்டு மனத்தை என்ன செய்யும் என்பதை அவர்களிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவர்கள் அரசியல்வாதிகள். அந்த இடம் காலியாகக் கிடந்தது. பயிர் போன பிறகுதான் கட்சிகள் அங்கே வந்தன.

என் பணிக்காலத்தில் கண்ட இருவரைப் பற்றியும் சொல்ல அனுமதியுங்கள். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம். கையெழுத்து மட்டும் போடக் கற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மா, பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சியில் தலைவராக வந்தார். அவர் ஊரில் ஒரு சாலையின் குறுக்கே குழாய்ப் பாலம் அமைக்க மதிப்பீடு தயாரானது. கையெழுத்துக்கு வந்த கோப்பை வாங்கி வைத்துக்கொண்டு, "ஐயா, ஒரு தடவ என்கூட நடந்து வாங்க" என்று பொறியாளரை அழைத்துப் போனார். ஐப்பசி மழையில் தண்ணீர் சாலையைக் கடப்பது மதிப்பீட்டில் குறித்த இடத்தில் அல்ல, அங்கிருந்து கொஞ்சம் கிழக்கே, பழைய கன்னி வாய்க்கால் தூர்ந்துபோன இடத்தில் என்பதைக் காட்டினார். பொறியாளர் நல்லவர், மறுபேச்சில்லாமல் வரைபடத்தை மாற்றினார். பிறகு அந்த அம்மா, "இந்தத் தாள்ல எந்த எடத்துல தொகை எழுதியிருக்கு, எந்த எடத்துல அளவு எழுதியிருக்கு, எனக்குக் காட்டிக் குடுங்க" என்று எங்களிடம் கேட்டுக் கேட்டு, பதவிக்காலம் முடிவதற்குள், செய்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகத்தைத் தாமே பார்க்கக் கற்றுக்கொண்டார். அவரை நான் படிக்காதவர் என்று எப்படிச் சொல்வேன்?

இன்னொருவர் முதுகலைப் பட்டம் பெற்றவர். மேடையில் புள்ளிவிவரங்களோடு பேசுவார். தன் ஊராட்சியின் காலனித் தெருவுக்குள் பதவிக்காலம் முழுவதும் அவர் கால் வைத்ததில்லை. அத்தெருவின் மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் ஓடுகிறது என்று அறிக்கை சொன்னது, அவரும் அப்படியே சொன்னார், தண்ணீர் ஏறவில்லை. இதைச் சொல்வதால் நான் பட்டதாரிகளுக்கு எதிரானவள் என்று எண்ண வேண்டாம். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று சொல்லிக்கொண்டே, வெற்றுக் காசோலைகளில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு, பின்னர் தணிக்கைத் தடைகளில் சிக்கி வீட்டை விற்றவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் திருடர்கள் அல்லர். படிக்காமல் கையெழுத்திடுவதை வெகுளித்தனம் என்று பெருமையாக நினைத்தார்கள். மத்திய நிதிக்குழு மானியம் எதற்குச் செலவிடலாம், எதற்குக் கூடாது என்பதைப் படித்துப் பார்க்காமல், மனத்தில் பட்டதையெல்லாம் செய்வது பட்டறிவாகாது. அது ஊர்ப் பணத்தை வைத்து நடத்தும் பரிசோதனை.

சட்டமன்றத்துக்குச் செல்பவருக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். மானியக் கோரிக்கையின் மீது பேச வேண்டும், தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கையைப் பொதுக்கணக்குக் குழுவில் கிழித்துப் பார்க்க வேண்டும், ஒரு மசோதாவின் ஒரு பிரிவில் ஒரு சொல் மாறினால் யாருடைய நிலம் போகும் என்று கண்டுபிடிக்க வேண்டும். தாமே முடியாவிட்டால், முடிந்தவரைத் தேடிப்பிடித்துக் கேட்க வேண்டும். தொகுதிக்கு ஒரு படித்த உதவியாளரை வைத்துக்கொள்வது பெருமைக் குறைவு என்று எண்ணுபவரை அனுப்பாதீர்கள்.

தனி அலுவலர்களே நன்றாகத்தானே நடத்துகிறார்கள் என்றும் சிலர் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். புதுச்சேரியைப் பாருங்கள். 1968க்குப் பிறகு 2006இல்தான் அங்கே உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பிரதிநிதிகளின் காலம் 2011இல் முடிந்ததோடு சரி, நகராட்சியும் கொம்யூன் பஞ்சாயத்தும் அதிகாரிகளின் கையில்தான் தொடர்ந்தன. அந்த அதிகாரிகள் எல்லாரும் தேர்வெழுதி வென்றவர்கள், அவர்களில் திறமையானவர்களும் உண்டு. ஆயினும் தெருவிளக்கு எரியாத வீட்டுக்காரர் நேரே போய், "உனக்குத்தானே ஓட்டுப் போட்டேன்" என்று உரிமையோடு கேட்க அங்கே ஆளில்லை. அந்தக் கேள்வியைத் தினமும் எதிர்கொள்வதுதான் ஒரு பிரதிநிதிக்கு அறிவைத் தருகிறது. வேறெந்தப் பள்ளியும் அதைத் தராது.

ஆகவே உங்கள் நேர்காணல்களை மாற்றுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வேட்பாளரின் கல்வித் தகுதியை உச்ச நீதிமன்றத்தின் 2002, 2003 தீர்ப்புகளின்படி அவர் உறுதிமொழிப் பத்திரத்திலேயே எழுதப்போகிறார், அதை அங்கே விட்டுவிடுங்கள். உங்கள் அறையில் அவரிடம், உங்கள் வார்டின் மழைத்தண்ணீர் எந்த வாய்க்கால் வழியாக எந்த ஏரிக்கோ ஆற்றுக்கோ போகிறது, வழியில் எங்கே அடைபட்டிருக்கிறது, அடைத்திருப்பவர் உங்கள் உறவினராக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். உங்கள் ஊராட்சியின் சென்ற ஆண்டு வரவு செலவைக் கையில் கொடுத்து, இதில் உங்களுக்குப் புரியாதது எது என்று கேளுங்கள். எல்லாம் புரிகிறது என்பவரைத் தள்ளி வையுங்கள், இந்த வரி புரியவில்லை, இன்னாரிடம் கேட்பேன் என்பவரைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக எந்தச் செய்தியில், யார் சொல்லி, உங்கள் கருத்தை மாற்றிக்கொண்டீர்கள் என்று கேளுங்கள். பதிலே இல்லாதவர் எம்.ஏ.வாக இருந்தாலும் சரி, ஏர் பிடித்தவராக இருந்தாலும் சரி, ஊரை நம்பி ஒப்படைக்கத் தக்கவர் அல்லர். அதோடு, அந்த அறைக்கு வேட்பாளர் தனியாக வரட்டும். 2016இல் சட்டம் பெண்களுக்குப் பாதி இடங்களைத் தந்தது. பெண்ணின் பெயரில் மனுவை வாங்கிவிட்டு அவர் கணவரிடம் கேள்வி கேட்பது, அவர் அறிவைச் சோதிக்காமலேயே இல்லை என்று தீர்மானிப்பதாகும். அந்தக் குழாய்ப் பால அம்மாவின் கணவரும் முதல் மூன்று கூட்டங்களுக்கு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தவர்தான். நான்காவது கூட்டத்தில் அந்த அம்மாவே அவரைப் பின்னால் போய் உட்காரச் சொன்னார்.

வென்ற பிறகு பயிற்சி கொடுப்பது அரசின் வேலை என்று விட்டுவிடாதீர்கள். அரசு தரும் பயிற்சி உண்டு. ஆனால் அது பெரும்பாலும் திட்டங்களின் பெயர்களைப் படித்துக் காட்டுவதோடு நின்றுவிடுகிறது. வேட்பாளர் பட்டியல் முடிவாவதற்கு முன்பே, உங்கள் கட்சி அலுவலகத்தில் ஒரு வாரம், ஒதுக்கீட்டையும் மதிப்பீட்டையும் அளவுப் புத்தகத்தையும் தீர்மானப் புத்தகத்தையும் எப்படிப் பார்ப்பது, கிராமசபையில் எழும் கேள்வியை எப்படித் தீர்மானமாக்குவது என்று கற்றுக்கொடுக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாய்மொழியாகவும் இதைக் கற்றுக்கொடுக்க முடியும், நாங்கள் கொடுத்திருக்கிறோம். ஓய்வு பெற்ற ஒன்றிய அலுவலர்கள், பொறியாளர்கள், உள்ளாட்சித் தணிக்கையாளர்கள் சிலரிடம் பேசியிருக்கிறேன். எந்தக் கட்சி அழைத்தாலும், ஊதியம் இல்லாமல் வந்து சொல்லித்தர அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எல்லாக் கட்சிகளுக்கும் ஒரே பாடந்தான் நடத்துவோம், பயண வசதி மட்டும் செய்து கொடுத்தால் போதும். முதலில் அழைப்பது யார் என்று காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற துணை வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.